நம் எழுத்தைச் சுட்டுவார் யார்?

(சாந்தோமில் நடைபெற்ற வெள்ளிவிழாக் கருத்தரங்கில் சங்கத்தின் வெளியீட்டுக் குழு சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)

     

எங்களுக்கு அளிக்கப்பெற்ற பொருள் இத்தகைய மேடைகளுக்குச் சற்றுப் புதியது. நம் சங்கத்து இளைஞர்கள் சென்ற சில திங்களாகத் தம் கட்டுரைகளையும் இப்பகுதியின் வரலாற்றுக் குறிப்புகளையும் இணையத்தில் வெளியிட்டு வருகின்றனர். எழுத்து நன்றாகவே உள்ளது. ஆயினும் கூகுள் போன்ற தேடுபொறியில் நம் மக்களைப் பற்றி எவரேனும் தேடினால், இவர்கள் எழுதியது முதற்பக்கத்திலும் வருவதில்லை. ஐந்தாம் பக்கத்திலும் வருவதில்லை. “ஐயா, பிழையின்றி எழுதினோம், ஆதாரத்தோடு எழுதினோம், பிறகு ஏன் எங்கள் எழுத்து எவர் கண்ணிலும் படவில்லை?” என்று அவர்கள் எங்களைக் கேட்டனர். அக்கேள்விக்கு விடை கூற முற்படுவதே இவ்வுரை.

ஓர் எழுத்து நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அதனைப் பிறர் சுட்டிக்காட்டவும் வேண்டும் என்பதே சுருக்கமான விடை. இதனைத் தேடுபொறி கண்டுபிடித்ததாக எண்ணவேண்டாம். நாம் கூடியிருக்கும் இவ்வூரையே எடுத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையைப் பற்றி எழுதிய வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ, புனித தோமாவின் உடல் அடக்கமாகியுள்ள சிற்றூர் என்று மட்டுமே இதனைக் குறித்தார். ஊரின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அவர் நூலைப் படித்தோர் பலர். படித்ததைத் தம் நூல்களில் எடுத்தாண்டோர் பலர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் இக்கரைக்கு வந்தபோது, தாம் தேடுவது இன்னது என்று முன்னரே அறிந்து வந்தனர். 1520களில் கோயில் எழுந்தது. இன்று நாம் காணும் உயர்ந்த கோபுரமுடைய கட்டடம் 1896இல் நிறைவெய்தியது. 1956இல் பசிலிக்கா என்னும் சிறப்பையும் பெற்றது. ஊரின் பெயர் உலகப் படத்தில் ஏறிவிட்டது. அதே கரையில் அன்றும் வலை வீசிப் பிழைத்தோர் இருந்தனர். பிறர் வீட்டுப் பணியும் தெருப்பணியும் செய்து வாழ்ந்தோர் இருந்தனர். அவர்தம் குடியிருப்புகளைச் சுட்டிய பயணியர் மிக அரியர். ஊர் ஒன்றே, ஒரு பாதி மட்டுமே ஏட்டில் ஏறிற்று.

நிற்க, தேடுபொறி எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும். அதனை அறியாமல் செய்யும் முயற்சி வீண்முயற்சியாகும்.

இணையத்தில் ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்திற்குச் செல்ல வழிவைப்பதை இணைப்பு என்கிறோம்; இளைஞர்கள் ‘லிங்க்’ என்பர். நாம் பிறருக்கு வைக்கும் இணைப்பு உண்டு. பிறர் நம்மை நோக்கி வைக்கும் இணைப்பும் உண்டு. பின்னதைத்தான் ‘பேக்லிங்க்’ என்று வழங்குகின்றனர். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் 1996ஆம் ஆண்டளவில் ஒரு தேடுபொறியை அமைத்தனர். பின்னாலிருந்து வரும் இணைப்புகளை ஆராய்வது ஆதலின் அதற்கு முதலில் ‘பேக்ரப்’ என்று பெயரிட்டனர். 1998இல் கூகுள் நிறுவனமாக உருவெடுத்தது அதுவே. அதற்கு முன்னிருந்த தேடுபொறிகள் பெரும்பாலும் ஒரு சொல் ஒரு பக்கத்தில் எத்தனை முறை வருகிறது என்பதையே நோக்கின. ஆகவே ஒரே சொல்லை நூறு முறை அடுக்கி எழுதியவன் முன்னுக்கு வந்தான். இவ்விருவரோ, அப்பக்கத்தை வேறு யார் யார் சுட்டுகின்றனர் என்று பார்த்தனர். சுட்டுபவர் எத்தகையவர் என்பதையும் கணக்கில் சேர்த்தனர்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். வேலைக்கு மனுச்செய்யும் மாணவன் நற்சான்றுக் கடிதம் வாங்கிச் செல்கிறான். கேட்டவர்க்கெல்லாம் கையெழுத்திட்டுக் கொடுக்கும் ஒருவரிடம் வாங்கிய கடிதத்திற்கு மதிப்பு மிகக் குறைவு. ஆண்டுக்கு இரண்டு மாணவர்க்கு மட்டுமே கடிதம் தரும் தலைமையாசிரியரிடம் வாங்கிய கடிதத்திற்கு மதிப்பு அதிகம். அத்தலைமையாசிரியரைப் பிறர் மதிப்பவராயின் கடிதத்தின் மதிப்பு மேலும் கூடும். தேடுபொறியின் கணக்கும் இதுவே. ஒரு பக்கத்திற்குரிய மதிப்பு, அது வைத்துள்ள இணைப்புகளுக்கெல்லாம் பங்கிட்டு வழங்கப்படுகிறது. நூறு இணைப்பு வைத்தால் நூறு பங்கு. இரண்டு வைத்தால் இரண்டு பங்கு. பங்கைப் பெற்ற பக்கம் தன் மதிப்பை மீண்டும் தான் சுட்டுவோர்க்குப் பகிர்கிறது. இன்று கூகுள் இதனோடு வேறு பல கூறுகளையும் சேர்த்தே முடிவு செய்கிறது; ஆயினும் அடிப்படை மாறவில்லை.

வழக்கறிஞர்களுக்கு இது புதிதன்று. ஒரு தீர்ப்பைப் பின்வந்த தீர்ப்புகள் எத்தனை முறை எடுத்தாண்டன, பின்பற்றினவா தள்ளினவா என்பதைக் காட்டும் அடைவு அமெரிக்காவில் 1873இலேயே வெளிவந்தது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு அறிவியல் கட்டுரைகளுக்கும் அத்தகைய அடைவு வேண்டும் என்று 1955இல் எழுதியவர் யூஜீன் கார்ஃபீல்டு. 1964இல் அவர் அதனை வெளியிட்டும் காட்டினார். ஆய்வாளர்களின் தகுதியை அளக்க இன்று பல்கலைக்கழகங்கள் கையாளும் முறை அதிலிருந்து வந்ததே. அதே எண்ணந்தான் தேடுபொறியில் குடிபுகுந்தது.

இங்கே ஓர் ஐயம் எழவேண்டும். சுட்டுவோரின் தொகையும் தகுதியும்தான் அளவுகோல் என்றால், காலங்காலமாகச் சுட்டப்படாதவர் நிலை என்ன? ஏற்கெனவே பெயர் பெற்றவர்க்கே மேலும் பெயர் சேர்கிறது என்பதைச் சமூகவியலறிஞர் ராபர்ட் மெர்ட்டன் 1968இல் எடுத்துக்காட்டி, மத்தேயு நற்செய்தியில் வரும் ஒரு கருத்தை ஒட்டி ‘மத்தேயு விளைவு’ என்று பெயரிட்டார். பேராலய நிழலில் வாழும் நமக்கு அந்த இடத்தை எடுத்து விளக்க வேண்டியதில்லை. இயந்திரத்திற்குச் சாதி தெரியாது என்று சிலர் பெருமையாகப் பேசுகின்றனர். உண்மை, தெரியாது. ஆனால் மனிதர் யாரைச் சுட்டினர், யாரை விட்டனர் என்பதைத்தானே அது எண்ணுகிறது? விட்டவர்கள் ஏன் விட்டனர் என்று அது கேட்பதில்லை.

இதற்கு நம் நகரத்திலேயே, ஒரே காலத்தில், இரண்டு மூன்று மைல் இடைவெளியில் நடந்த ஒன்றைச் சான்றாகக் காட்டுகிறோம்.

1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழ் வெளிவந்தது. நடத்தியவர் க. அயோத்திதாசப் பண்டிதர். ஓராண்டுக்குப் பின் ‘தமிழன்’ என்று பெயர் சுருங்கிற்று. 1914 மே 5ஆம் நாள் அவர் மறையும்வரை அது தொடர்ந்தது. அரசியல், வரலாறு, இலக்கியம், சமயம், மருத்துவம் என்று அவர் தொடாத துறை இல்லை. பழந்தமிழ் நூல்களையும் நிகண்டுகளையும் பெயர் சுட்டி மேற்கோள் காட்டி எழுதினார். கோலார் தங்கவயலிலும் கடல்கடந்து பர்மாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அதற்கு வாசகர் இருந்தனர்.

அதே ஆண்டுகளில் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். மக்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்தவர். அவர் கா. ரங்காச்சாரியின் துணையோடு தொகுத்த ‘தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும்’ என்னும் நூல் 1909இல் ஏழு தொகுதிகளாகச் சென்னை அரசு அச்சகத்தில் அச்சாயிற்று. நம்மைப் பற்றி எழும்பூரில் ஒருவர் எழுதினார். நாமே இராயப்பேட்டையில் எழுதினோம். எது சுட்டப்பட்டது? அரசு அலுவலர் தர்ஸ்டனைச் சுட்டினர். மாவட்டக் கையேடுகள் சுட்டின. பல்கலைக்கழக ஆய்வேடுகள் சுட்டின. அவ்வாய்வேடுகளை மேலும் பல நூல்கள் சுட்டின. இன்று அவ்வேழு தொகுதிகளும் குட்டன்பர்க் திட்டத்தில் எழுத்து வடிவிலேயே ஏற்றப்பட்டுள்ளன. நம் சமூகத்தின் பெயரை ஆங்கிலத்தில் இட்டுத் தேடும் கல்லூரி மாணவி, தர்ஸ்டனையோ அவரை எடுத்தாண்டோரையோ சந்திக்காமல் மீள்வது அரிது. ‘தமிழன்’ இதழோ இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தமிழிலக்கிய வரலாறுகளில் ஓரிரு வரிக்கும் இடம்பெறாமல் கிடந்தது. எழுத்தின் தரத்தால் இது நேர்ந்ததென்று எவரும் கூறத் துணியார்.

அவருக்கும் முன்னர், 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம், முதல் இதழுக்கான செலவு பத்து ரூபாய், இரண்டு நாளில் நானூறு பிரதி விற்றன என்று தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் அவரே எழுதியுள்ளார். ஏழாண்டு நடந்த அவ்விதழின் பிரதிகள் இன்று கிடைத்தற்கரியன. எனினும் அதில் என்ன எழுதப்பட்டது என்பதைப் பற்றி ஓரளவு அறிய முடிகிறது. எப்படி? நாட்டு மொழி இதழ்களில் என்ன வருகிறது என்பதை மொழிபெயர்ப்பாளர் சுருக்கி எழுத, ஆங்கில அரசு அதனை அச்சிட்டு அதிகாரிகளுக்கு அனுப்பி வந்தது. நம்மேல் கொண்ட அன்பினாலன்று, கண்காணிக்கவே செய்தனர். ஆயினும் மூலம் மறைந்தபின் அந்தச் சுட்டுதலே எஞ்சி நிற்கிறது. அவ்வறிக்கைகளையும் துணையாகக் கொண்டு ஜெ. பாலசுப்பிரமணியம் 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களின் வரலாற்றை ‘சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை’ என்று நூலாக்கித் தந்துள்ளார். இளைஞர்கள் அனைவரும் அதனைப் படிக்கவேண்டும்.

சுட்ட மறுத்தலும் உண்டு. 1920 ஜனவரி 31ஆம் நாள் பம்பாயில் அண்ணல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கியபோது, அதன் அறிவிப்பை வெளியிடுமாறு புனேயின் ‘கேசரி’ இதழைக் கேட்டனர். கட்டணம் தருவதாகச் சொல்லியும் அவ்விதழ் ஏற்கவில்லை என்று அண்ணலின் வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் குறித்துள்ளார். காசுக்கும் கிடைக்காத இணைப்பு அது!

சுட்டுதலின் வலிமை இன்னதென்பதற்கும் அண்ணலே சான்று. சென்னைப் பேராசிரியர் பொ. லட்சுமி நரசு 1907இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘பௌத்தத்தின் சாரம்’ என்னும் நூல், அவர் 1934இல் மறைந்தபின் மெல்ல மங்கிப் போயிற்று. 1948இல் அதன் மறுபதிப்புக்கு அம்பேத்கர் முன்னுரை எழுதினார். பௌத்தம் பற்றி நல்ல நூல் ஒன்று கூறுமாறு தம்மைப் பலர் கேட்பதாகவும், இந்நூலைக் கூறத் தமக்குத் தயக்கமில்லை என்றும் அதில் தெரிவித்தார். நரசுவின் பெயர் இன்று நாடெங்கும் பௌத்தர் நடுவே வழங்குவதற்கு அந்த ஒரு முன்னுரை பெருங்காரணம். நூறு பேர் சுட்டுவதும் உரியவர் ஒருவர் சுட்டுவதும் ஒன்றல்ல என்று முன்னே சொன்னோமே, அதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எங்களுக்குத் தோன்றவில்லை.

அயோத்திதாசர் எவ்வாறு மீண்டார்? அன்பு பொன்னோவியம் போன்ற பெரியோர் பழைய ‘தமிழன்’ இதழ்களைப் பொன்போல் காத்து வைத்திருந்தனர். ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்னும் பெயரில் இரண்டு தொகுதிகளை வெளியிட்டது. 2003இல் மூன்றாம் தொகுதியும் வந்தது. அதன்பின் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ஆய்வேடுகள் பெருகின. 2005இல் அஞ்சல்தலை வந்தது. தாம்பரம் சானடோரியத்தில் அமைந்த தேசிய சித்த மருத்துவ நிறுவன மருத்துவமனை அவர் பெயர் தாங்கிற்று. 2023இல் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. எழுத்து அதே எழுத்துத்தான். ஓர் எழுத்தும் கூடவில்லை. பக்க எண்ணோடு எடுத்துக்காட்டத்தக்க பதிப்பு ஒன்று பிறர் கைக்கு எட்டியது என்பதே வேறுபாடு. எண்பத்தைந்து ஆண்டு ஒருவர் எழுதியது பெட்டிக்குள் இருந்தது என்பதை இளைஞர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். ஐந்து திங்களில் கூகுள் காட்டவில்லையே என்று சோர்வுறும்போது அது பயன்படும்.

இனி, நாம் செய்யத்தக்கது யாது என்பதற்கு வருவோம்.

முதலில் செய்யத்தகாததைச் சொல்லிவிடுகிறோம். மாதக் கட்டணம் செலுத்தினால் ஆயிரம் இணைப்பு ஏற்படுத்தித் தருகிறோம் என்று ஒரு நிறுவனத்தார் நம் இளைஞர்களிடம் தொலைபேசியில் பேசியுள்ளனர். அவர் பெயர் இங்கு வேண்டாம். இத்தகைய இணைப்புகள் எங்கிருந்து வருகின்றன? எவரும் படிக்காத, படிப்பதற்காக எழுதப்படாத பக்கங்களிலிருந்து வருகின்றன. அமெரிக்காவின் பழம்பெரும் அங்காடி நிறுவனமாகிய ஜே.சி. பென்னிக்குத் தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் இணைப்பு வைக்கப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. கூகுள் அந்நிறுவனத்தை முன்வரிசையிலிருந்து பின்னே தள்ளியது. 2012 ஏப்ரலில் ‘பெங்குவின்’ என்னும் மாற்றத்தைக் கொண்டுவந்து, காசு கொடுத்தும் சூழ்ச்சி செய்தும் சேர்த்த இணைப்புகளைக் கண்டறிந்து தண்டிக்கலாயிற்று. பெருநிறுவனம் தவறு செய்தால் பணம் கொடுத்து மீளும். நம் பொருளாளரிடம் அவ்வளவு பணம் இல்லை.

மற்றொரு மயக்கமும் உண்டு. நீ என்னைச் சுட்டு, நான் உன்னைச் சுட்டுகிறேன் என்று சில சங்கங்கள் கூடி ஒப்பந்தம் செய்துகொள்ளலாமே என்று ஒரு தம்பி கேட்டார். நம் வீட்டு விசேடத்திற்கு எழுதிய மொய்யை அவர் வீட்டு விசேடத்தில் திருப்பி எழுதுவதை ஒத்தது இது. மொய் நல்ல வழக்கந்தான், அவசரத்திற்கு உதவும். ஆனால் மொய் நோட்டைப் பார்த்து ஒருவருக்குச் சமுதாயத்தில் உள்ள மதிப்பை எடைபோட முடியுமா? தெருவுக்குள்ளேயே சுற்றிவரும் பணம் தெருவைச் செழிக்கச் செய்வதில்லை. நம் தோழமைச் சங்கங்களை நாம் சுட்டுவதில் தவறில்லை, சுட்டத்தான் வேண்டும், அவர்கள் எழுதியது நம் வாசகருக்குப் பயன்படும் இடத்தில், காரணம் கூறிச் சுட்டவேண்டும். வெளியிலிருந்து வரும் இணைப்பே நம் மதிப்பை உயர்த்தும்.

வெளியார் நம்மை ஏன் சுட்டவேண்டும்? அவர்களுக்குத் தேவையான ஒன்று நம்மிடம் மட்டும் இருந்தால் சுட்டுவார்கள். அண்ணலின் வாழ்க்கைக் குறிப்பை நாமும் ஒருமுறை எழுதுவதால் எவரும் நம்மைத் தேடி வரமாட்டார்கள். அது ஆயிரம் இடத்தில் உள்ளது. நம்மிடம் மட்டும் உள்ளது எது என்று எண்ணிப் பாருங்கள்.

சங்கத்தின் அலமாரியில் இருபத்தைந்து ஆண்டுத் தீர்மானப் புத்தகங்கள் உள்ளன. மாலைநேர வகுப்பின் வருகைப் பதிவேடுகள் உள்ளன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபின், சீனிவாசபுரம் முதலிய இடங்களிலிருந்து பல குடும்பங்கள் செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டன. அரசு ஆவணத்தில் வீடு ஒதுக்கிய கணக்கு இருக்கும். ஒதுக்கப்பட்ட வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் வந்து படித்த பிள்ளைகள் எத்தனை பேர், எந்த வகுப்போடு நின்றனர், நின்ற பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்னும் கணக்கு அங்கே இராது. அது நம் வருகைப் பதிவேட்டில் மட்டுமே இருக்கிறது. எவரும் அதைக் கூட்டிப் பார்த்ததில்லை. மறுகுடியமர்வு பற்றி ஆய்வு செய்யும் மாணவர், செய்தி எழுதும் இதழாளர், வழக்காடும் வழக்கறிஞர் ஆகியோர்க்கெல்லாம் அக்கணக்குத் தேவை. தேவையென்றால் எடுத்தாள்வர், எடுத்தாண்டால் சுட்டித்தான் ஆகவேண்டும். பதிவேட்டை ஆண்டுவாரியாகக் கூட்டி ஓர் அட்டவணையாக்கி, எவ்வாறு கூட்டினோம், எந்த ஆண்டின் ஏடு இல்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதி வெளியிட்டால், நூறு கட்டுரை செய்யாத வேலையை அந்த ஒரு பக்கம் செய்யும் என்பது எங்கள் துணிபு.

ஆனால் இங்கே கடுமையான எச்சரிக்கை ஒன்று. பிள்ளைகளின் பெயர், வீட்டு முகவரி, சாதிச் சான்றிதழ், புகைப்படம் ஆகிய எதுவும் வெளியே செல்லக்கூடாது. தொகை மட்டுமே செல்லவேண்டும். ஒருமுறை இணையத்தில் ஏறியது இறங்காது. நம் பிள்ளை நாளை எங்கோ வேலைக்கு நிற்கும்போது, அவன் பெயரைத் தேடிப் பார்ப்பவர் எத்தகையவர் என்று நமக்குத் தெரியாது, தெரியாததனாலேயே அஞ்சவேண்டியுள்ளது.

பொருள் இருந்தால் மட்டும் போதாது. இருப்பதை உரியவர்க்குத் தெரிவிக்கவேண்டும். கல்லூரிகள் நம் பகுதியைச் சூழ்ந்துள்ளன: இராணி மேரிக் கல்லூரி, மாநிலக் கல்லூரி, ஸ்டெல்லா மாரிஸ். சற்றுத் தள்ளித் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உள்ளது. நம் பகுதியைப் பற்றியோ மறுகுடியமர்வைப் பற்றியோ ஏற்கெனவே எழுதியவர் எவரெவர் என்று தேடிப் பட்டியல் எடுத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கடிதம் எழுதவேண்டும். ‘எங்கள் பக்கத்திற்கு இணைப்புத் தாருங்கள்’ என்று ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் அது குப்பைக்குத்தான் செல்லும். ‘தாங்கள் எழுதிய கட்டுரையில் இந்த இடத்தில் மாணவர் இடைநிற்றல் பற்றிக் குறித்துள்ளீர்கள், அதற்குரிய ஆண்டுக் கணக்கு எங்களிடம் உள்ளது, பார்த்துப் பயன்படுத்துமாறு வேண்டுகிறோம்’ என்று எழுதினால் பதில் வரும். பத்துக்கு இரண்டு வந்தாலும் போதுமானது. நம் விழாச் செய்தியை வெளியிட்ட நாளிதழ்களின் இணையப் பதிப்பில் சங்கத்தின் பெயர் உள்ளது, இணைப்பு இல்லை. அதைச் சேர்க்குமாறு கேட்பதில் கூச்சம் எதற்கு?

விக்கிப்பீடியாவைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். இணைப்புக்கு மதிப்பு வேண்டாம் என்று தேடுபொறிக்கு உணர்த்தும் ஒரு குறியை 2005இல் ஏற்படுத்தினர். விக்கிப்பீடியா 2007 முதல் வெளி இணைப்புகளுக்கு அக்குறியை இட்டு வருகிறது. ஆதலின் அங்கிருந்து நேரடியாக மதிப்புக் கிட்டும் என்று எண்ணவேண்டாம். தம்மைப் பற்றித் தாமே எழுதுவதையும் அங்கே விரும்புவதில்லை. ஆனால் அங்கே வந்து படிப்போர் அடிக்குறிப்பைப் பின்பற்றி மூலத்திற்குச் செல்கின்றனர். சென்றவருள் சிலர் தம் எழுத்தில் நம்மைச் சுட்டுவர். எனவே தமிழ் விக்கிப்பீடியாவில் நம் முன்னோரைப் பற்றிய கட்டுரைகளில் சான்று இல்லாத இடங்களுக்கு நூலும் பக்கமும் காட்டிச் செப்பனிடுவதைச் சங்க இளைஞர்கள் பழகிக்கொள்ளலாம். நம் பக்கத்தைச் சேர்ப்பதற்காக அல்ல, அலாய்சியஸ் பதிப்பைச் சேர்ப்பதற்காகச் செய்யுங்கள். 2024 முதல் கூகுள் நம் நாட்டிலும் தேடல் முடிவுகளுக்கு மேலே இயந்திரம் வரைந்த சுருக்க விடையைக் காட்டத் தொடங்கியுள்ளது. சான்றோடு எழுதிவைக்கப்படாதது அந்த விடைக்குள் எப்படிச் செல்லும்?

எழுத்தைப் பற்றிச் சில நடைமுறைச் செய்திகள். பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்புகளைத் தேடுபொறியால் தமிழாகப் படிக்க இயலாது. யூனிகோடுக்கு மாற்றியே ஏற்றவேண்டும். ஏட்டை வெறும் படமாக ஸ்கேன் செய்து போடுவதும் அரைவேலையே. கீழே அதன் வாசகத்தைத் தட்டச்சிட்டுச் சேர்க்கவேண்டும். பெயர்களில் கவனம் தேவை. அயோத்திதாசர், அயோத்தி தாசர், அயோத்திதாஸ பண்டிதர் என்று மூவகையாக எழுதுகிறோம். தேடுபவரும் மூவகையாகத் தேடுகிறார். ஒரு வடிவத்தை நிலையாகக் கொண்டு, மற்ற வடிவங்களைக் கட்டுரையில் ஓரிடத்திலேனும் குறிப்பிடவேண்டும்.

பிறர் சுட்டிய முகவரியை நாம் மாற்றிவிட்டால் சுட்டியது வீணாகும். கதவு எண் மாறிய வீட்டுக்கு வந்த கடிதம்போல் அது திரும்பிவிடும். ஆகவே ஒரு பக்கத்திற்கு ஒருமுறை இட்ட முகவரியை மாற்றலாகாது. தளத்தின் பெயருக்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டிய சந்தாவும் தவறலாகாது. சந்தா தவறிய பெயரை வேறொருவர் வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போட்டுவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. நம்மைச் சுட்டிய பேராசிரியரின் நூலிலிருந்து மாணவர் நேரே சூதாட்டக் களத்தில் போய் விழுவர். இப்போது நம் தளத்தின் பெயர் ஓர் இளைஞரின் சொந்தக் கணக்கில், அவருடைய கைப்பேசி எண்ணில் உள்ளது. அவர் நல்லவர், ஆனால் அடுத்த ஆண்டு துபாய்க்கோ பெங்களூருக்கோ வேலைக்குச் செல்லக்கூடும். சங்கத்தின் பெயருக்கு அதனை மாற்றி, கடவுச்சொல்லைச் செயலாளரிடமும் பொருளாளரிடமும் எழுதிக் கொடுத்து, சந்தாத் தொகையை ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் மின்கட்டணத்திற்கு அடுத்த வரியாகச் சேர்க்குமாறு நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறோம்.

பதிவேடுகளைக் கூட்டும் பணிக்கு ஞாயிறுதோறும் காலையில் மூவர் தேவை. 2005 முதல் 2010 வரையிலான ஏடுகள் நனைந்து ஒட்டிக்கொண்டுள்ளன. அவற்றைப் பிரிக்கப் பொறுமையுள்ளவர் வரவேண்டும். அக்காலத்தில் வகுப்பெடுத்த ஆசிரியர்கள் சிலர் இந்த அவையிலேயே அமர்ந்துள்ளனர். மங்கிப்போன பெயர்களையும் வகுப்புகளையும் அடையாளம் காண அவர்கள் உடனிருந்தால் பேருதவியாக இருக்கும். விருப்பமுள்ளோர் விழா முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.